பாண்டியில் நாலாயிரம் ரூபாய்க்குள் மூன்று பேருக்கு டேஸ்டிங் மெனு கிடைக்குமா?

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். அடுத்த மாதம் அம்மா அப்பாவுக்கு 35ஆவது கல்யாண நாள். புடவை வேண்டாம், மோதிரம் வேண்டாம், காசைக் கரியாக்காதே என்று இரண்டு பேரும் இப்போதே சொல்லிவிட்டார்கள். அதனால் பாண்டி வொயிட் டவுன் பக்கம் ஒரு நல்ல உணவகத்தில் உட்காரவைத்து, தட்டுத் தட்டாக வரிசையாக வரும் டேஸ்டிங் மெனு வாங்கிக் கொடுக்கலாம் என்று ஆசை.

ஆபீஸ் வேலையாக பெங்களூரு போனபோது நான் அப்படிச் சாப்பிட்டிருக்கிறேன். ஆறு தட்டு. ஒவ்வொன்றிலும் நாலு வாய்தான் இருக்கும். ஆனால் இன்னொரு வாய் இருந்தால் தேவலை என்று தோன்றும் இடத்தில் சரியாக நிறுத்தியிருந்தார்கள். அதில் சுட்ட பூசணிக்காய்த் துண்டு ஒன்று வந்தது. மேலே கருக வறுத்த வெண்ணெய், கொஞ்சம் மிளகு, ஓரத்தில் கெட்டித் தயிர். அவ்வளவுதான். பூசணியை அதுவரை நான் அவ்வளவு கவனித்துச் சாப்பிட்டதே இல்லை. அந்த நிதானம் அம்மாவுக்குக் கிடைக்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் ஆறிப்போனதை அடுப்படியில் நின்றபடி சாப்பிடுகிறவர் அவர். ஒரு நாளாவது இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, யாராவது கொண்டுவந்து வைக்க, சூடாகச் சாப்பிட வேண்டும்.

இனி சிக்கல்கள். என்னால் நாலாயிரம் வரை முடியும். வரி, டிப்ஸ் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். அப்பா சைவம், முட்டையும் கிடையாது. அம்மா மீன், கோழி சாப்பிடுவார், சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். “நாலு வாய் போட்டு ஆயிரம் ரூபாய் வாங்குவான், வெளியே வந்து பரோட்டாதான் சாப்பிடணும்” என்பது அப்பாவின் கட்சி. இணையத்தில் தேடினால் ஒன்று ஐந்து நட்சத்திர ஹோட்டல் விலை வருகிறது, இல்லையென்றால் பஃபே வருகிறது. எனக்குப் பஃபே வேண்டாம். தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க அம்மாவை அழைத்துப் போக விருப்பமில்லை.

இந்த விலைக்கு இது நடக்குமா? எந்தக் கிழமை போனால் நல்லது? எப்படிக் கேட்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


வேளச்சேரி எழுதியது:

சென்னையில் என்றால் கிண்டி ஐடிசி கிராண்ட் சோழா ஹோட்டலில் இருக்கும் அவர்தனா உணவகத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நம் தென்னிந்தியச் சமையலை ஏழு, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று கோர்ஸ் என்று வரிசையாகத் தருகிறார்கள். தெளிந்த தக்காளி ரசத்தை காபி போடும் பிரெஞ்ச் பிரஸ்ஸில் மேஜைக்கே கொண்டுவந்து ஊற்றுவது அங்கே பிரபலம். அருமையான அனுபவம், ஆனால் நீங்கள் சொல்லும் தொகையில் மூன்று பேர் போக முடியாது. பாண்டியில் அந்த அளவுக்கு நீளமான மெனு தேட வேண்டாம், பெரியவர்களுக்கு நாலு அல்லது ஐந்து கோர்ஸே தாராளம் என்பது என் கருத்து. மற்றதை பாண்டிக்காரர்கள் சொல்வார்கள்.


உப்பளம்காரன் எழுதியது:

முதலில் அம்மா அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லும்மா.

ரூ சுஃப்ரேன், ரூ துய்மா தெருக்கள் பக்கம் பல வருஷம் பரிமாறுகிற ஸ்டீவர்டாகவும், பிறகு பரிமாறுகிறவர்களை மேற்பார்க்கும் கேப்டனாகவும் வேலை பார்த்தவன் நான். இப்போது பெரிய மார்க்கெட்டிலிருந்து சில உணவகங்களுக்குக் காய்கறியும் மீனும் எடுத்துக் கொடுக்கிறேன். கிச்சனுக்குள் ஒரு தட்டுக்கு என்ன செலவு, மேஜைக்கு வரும்போது என்ன விலை, இரண்டும் எனக்குத் தெரியும். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: நாலாயிரத்துக்குள் முடியும், குறையில்லாமல் முடியும். அதற்கு ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டும். இதுதான் வேண்டும், இந்த வேளைக்குத்தான் வேண்டும் என்று கேட்கிற உரிமையை. அதை நீ கிச்சன் கையில் கொடுத்துவிட்டால் விலை இறங்கிவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். மூன்று கிலோ கொடுவா மீன் ஒன்றை நான் கிச்சனில் இறக்குகிறேன் என்று வைத்துக்கொள். தலை, முள், வால், செதில் எல்லாம் போக பாதிக்கும் குறைவாகத்தான் சதை தேறும். ஒன்றே கால் கிலோ என்று வை. மெனு கார்டில் தனியாக ஆர்டர் செய்கிறவருக்கு 180 கிராம் துண்டு வைக்க வேண்டும், ஆறேழு பேருக்கு வரும். கோர்ஸ் கோர்ஸாகச் சாப்பிடுகிறவருக்கு 80 கிராம் போதும், பதினைந்து பேருக்கு வந்துவிடும். அந்தத் தலையும் முள்ளும் எங்கே போகிறது? வெங்காயம், செலரி, மிளகு போட்டு அரை மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டினால் முதல் கோர்ஸுக்கு சூப். இறால் ஓட்டை வெண்ணெயில் வறுத்து, தக்காளியும் கிரீமும் சேர்த்தால் பிஸ்க். ஒரே மீன் இரண்டு கோர்ஸாக மேஜைக்கு வருகிறது, குப்பைக்கு எதுவும் போகவில்லை. இன்று கிச்சனில் எது நிறைய இருக்கிறதோ அதை செஃப் வைத்துச் சமைக்கலாம். மெனு கார்டில் இருக்கிற நாற்பது அயிட்டத்துக்கும் பொருள் வாங்கி பிரிட்ஜில் அடுக்க வேண்டியதில்லை. இப்படி கிச்சனே முடிவு செய்து வைக்கிற செட் மெனு மலிவாக வருவதற்குக் காரணம் இதுதான். தரத்தைக் குறைத்துத் தருவதில்லை.

இரண்டாவது, வேளை. பாண்டி உணவகங்களுக்கு வெள்ளி ராத்திரி முதல் ஞாயிறு ராத்திரி வரை மூச்சுவிட நேரமிருக்காது, சென்னைக்காரர்களும் பெங்களூருக்காரர்களும் நிறைந்திருப்பார்கள். செவ்வாய், புதன், வியாழன் மதியம் பார், பாதி மேஜை காலி. வாடகை, சம்பளம், கரண்ட் எல்லாம் அன்றைக்கும் அதேதான். ராத்திரிக்கு வேண்டிய சாஸ், ஸ்டாக், மாவு வேலைகளைச் செய்ய கிச்சன் ஆட்கள் காலையிலேயே வந்திருப்பார்கள். அப்போது மூன்று கவர், அதாவது மூன்று பேர், முன்பதிவாக வருகிறது என்றால் எந்த மேனேஜருக்கும் சந்தோஷம்தான். பிரான்சிலேயே பெரிய பெயர் வாங்கிய உணவகங்களில் மதிய செட் மெனு ராத்திரி விலையைவிட நன்றாகக் குறைந்திருக்கும். இங்கேயும் ஆபீஸ்காரர்களுக்கு என்று மதியத்தில் இரண்டு அல்லது மூன்று கோர்ஸ் செட் லஞ்ச் போடும் இடங்கள் உண்டு. அதோடு இன்னொரு சின்ன தட்டும், சோர்பே என்கிற பழச்சாற்று ஐஸும் சேர்த்துக் கேட்டால் நீ நினைக்கிற டேஸ்டிங் மெனு வந்துவிட்டது. கல்யாண நாள் எந்தக் கிழமையில் வந்தாலும் சரி, சாப்பாட்டை வார நாளில் வை.

போனில் எப்படிப் பேசுவது? மதியம் மூன்றரையிலிருந்து ஐந்துக்குள் கூப்பிடு. சர்வீஸ் நேரத்தில் கூப்பிட்டால் எடுக்கிறவருக்குக் காது கேட்கவே கேட்காது. மூன்று நாள் முன்னதாகவே சொல்லிவிடு. “மூணு பேர், புதன்கிழமை மதியம் பன்னிரண்டரை. ஒருத்தர் சைவம், முட்டை கிடையாது. ஒருத்தர் மீன் சாப்பிடுவாங்க, சர்க்கரை இருக்கு. தலைக்கு ஆயிரத்து இருநூறு, வரி தனி. நாலஞ்சு கோர்ஸ் சின்னச் சின்னதா வேணும், செஃப் என்ன கொடுத்தாலும் சரி.” இவ்வளவுதான். இது பேரம் இல்லைம்மா. கூச்சப்படாதே. பார்ட்டி புக் செய்கிறவர்கள் தினமும் இப்படித்தான் தொகை சொல்லிக் கேட்கிறார்கள். ஒரு இடத்தில் முடியாது என்றால் அடுத்த இடத்துக்குப் பேசு. செஃப் கையிலேயே விடுகிறோம் என்று சொன்ன வாடிக்கையாளருக்கு செஃப்கள் கொஞ்சம் கூடுதலாகவே செய்வார்கள், இதை நான் கிச்சன் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்.

கணக்கு இப்படி வரும். தலைக்கு 1,200 என்றால் 3,600. சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம், 180 ரூபாய். ஆக 3,780. மீதி 220 பரிமாறிய பிள்ளைக்குக் கையில் கொடுத்துவிடு. ஆனால் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகிற பெரிய ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதே சாப்பாடு 4,248 ஆகிவிடும். வொயிட் டவுனில் பழைய பிரெஞ்சு வீடுகளை ஹோட்டலாக்கி, முற்றத்தில் உணவகம் நடத்தும் இடங்கள் நிறைய. பார்க்க அழகாக இருக்கும். போகலாம், ஆனால் வரி எத்தனை சதவீதம் என்று போனிலேயே கேட்டுவிடு.

அப்பாவின் வயிறு விஷயம். முதலில் வருகிற பகெட் ரொட்டியையும் வெண்ணெயையும் பசியில் காலி செய்துவிட்டால் மூன்றாவது கோர்ஸில் திணறுவார். அதைத் தொடாமல் இருந்தால் நாலு தட்டு கண்டிப்பாக வயிறு நிறைக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் பத்துப் பதினைந்து நிமிஷம் இடைவெளி விடுவதும் அதற்குத்தான். நிதானமாகச் சாப்பிடும்போது குறைவான அளவிலேயே போதும் என்று ஆகிவிடும். நாங்கள் மேஜையைத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்போம். கடைசி ஆள் முள்கரண்டியைக் கீழே வைத்த பிறகுதான் கிச்சனுக்கு ‘ஃபயர்’ சொல்வோம், அடுத்த கோர்ஸ் அப்போதுதான் அடுப்பில் ஏறும். அம்மா மெதுவாகச் சாப்பிடுகிறவர் என்றால் அவர் வேகத்துக்கு மேஜை ஓடும். அம்மாவை யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

முள்கரண்டி பிடிக்க வராது என்று கவலைப்பட்டால், வெளிப்பக்கம் இருப்பதிலிருந்து உள்ளே எடுத்துக்கொண்டே வரவேண்டும், அவ்வளவுதான் முறை. முடித்தபின் கத்தியையும் முள்கரண்டியையும் சேர்த்துத் தட்டில் வைத்தால் எடுத்துக்கொண்டு போகலாம் என்று அர்த்தம். கையால் சாப்பிட்டாலும் நல்ல உணவகத்தில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், ஸ்பூன் கேட்டால் உடனே தருவார்கள்.

தேதி ஏப்ரல் 15க்கும் ஜூன் 14க்கும் நடுவில் விழுந்தால் மட்டும் ஒரு வார்த்தை. அந்த 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. தேங்காய்த்திட்டிலும் சரி, உங்கள் கடலூர் முதுநகர் துறைமுகத்திலும் சரி, நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான் புது மீன், விலையும் எகிறும். அப்போது கொடுவாதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், வளர்ப்பு இறாலோ கோழியோ செஃப் முடிவு செய்யட்டும்.


முத்தியால்பேட்டை அக்கா எழுதியது:

உப்பளம்காரர் சொன்னது முழுக்கச் சரி. நான் வேறு பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

எங்கள் தாத்தா சொல்தா, பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் வீட்டில் ஞாயிறு மதியம் எப்போதும் தட்டு வரிசைதான். முதலில் சூப், பிறகு பீட்ரூட்டோ பீன்ஸோ வேகவைத்து வினிகரும் எண்ணெயும் கலந்த சாலட், பிறகு கறி சோறு, கடைசியில் இனிப்பு. கறி என்றால் தேங்காய்ப்பாலும் எலுமிச்சையும் சேர்த்த கோழிக்கறி, காரம் குறைவாக, மணம் தூக்கலாக இருக்கும். சாதாரணக் குடும்பம்தான் நாங்கள். வரிசையாகச் சாப்பிடுவதற்குப் பணம் வேண்டியதில்லை, பரிமாறுகிறவரும் உட்கார்ந்து சாப்பிட வழி செய்தால் போதும். ஆயா, அதாவது எங்கள் பாட்டி, சூப்பை முன்பே செய்துவைத்துவிடுவார், சாலட் ஆறினதுதான், கறி அடுப்பில் மெல்லிய தணலில் இருக்கும். அதனால் ஆயாவும் மேஜையில் உட்கார்ந்திருப்பார்.

கெடிலக்கரை, சாப்பாடு முன்பின் தெரியாத ருசியாக இருந்தால் அம்மா அப்பா தயங்கலாம் என்று நினைத்தால், போனில் பேசும்போது பிரெஞ்சும் தமிழும் கலந்த பாண்டி கிரியோல் முறையில் செய்வீர்களா என்று கேட்டுப்பார். நம் ஊர்த் தாளிப்பு வடகம் இந்தச் சமையலில் முக்கியம். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், மஞ்சள் சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி வெயிலில் காயவைப்போமே, அதேதான். கடலூர் வீடுகளிலும் இது இருக்கும். அதை வெண்ணெயில் பொரித்து மசித்த உருளைக்கிழங்கில் கலந்தும், வறுத்த மீன் மேல் தூவியும் பிரெஞ்சு சமையல்காரர்கள் வைக்கிறார்கள். உன் அம்மா முதல் வாயிலேயே என்ன போட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். அப்படிக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் பெரியது. பெரியவர்களை இப்படிப்பட்ட இடத்துக்கு அழைத்துப் போகும்போது ஐந்தில் ஒரு தட்டாவது அவர்களுக்குத் தெரிந்த ருசியில் இருக்கும்படி பார்த்துக்கொள்.

செட் மெனு எங்கும் ஒத்துவரவில்லை என்றால் இன்னொரு வழி. மெனு கார்டிலிருந்தே எடுத்து, நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். சூப் ஒன் பை டூ கேட்டால் இரண்டு கிண்ணத்தில் பிரித்துத் தருவார்கள், பின்பு ஒரு சைவ ஸ்டார்ட்டர், ஒரு மீன், அப்பாவுக்கு ஒரு பாஸ்தாவோ, மேல்பக்கம் சிவக்க ஓவனில் வைத்த காய்கறி கிராத்தனோ, கடைசியில் இரண்டு இனிப்பு, மூன்று ஸ்பூன். “எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவராதீர்கள், ஒன்று முடிந்து ஒன்று வரட்டும்” என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் எது முதலில் ரெடியோ அது வந்துவிடும், மேஜை நிரம்பிவிடும், பாதி ஆறிவிடும். நாங்கள் வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் இப்படித்தான் போகிறோம். செலவு நம் கையில் இருக்கும்.


கெடிலக்கரை எழுதியது:

அண்ணா, அக்கா, இவ்வளவு விரிவாக எழுதினதுக்கு ரொம்ப நன்றி. வார நாள் மதியம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, ஒரு நாள் லீவு போட்டுவிடுகிறேன். அம்மா மணக்குள விநாயகரைப் பார்க்காமல் பாண்டியை விட்டு வரமாட்டார். கோயில் மதியம் நடை சாத்துவதற்கு முன்பே போய்விட்டு, அங்கிருந்து நடந்தே உணவகத்துக்குப் போய்விடலாம்.

அப்பா விஷயத்தில் இன்னும் பயமாக இருக்கிறது. சைவம் என்று சொன்னால் போதுமா? பிரெஞ்சு சமையலில் எதில் எது கலந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் விரதம்போல் காத்துவந்தவர், என் ஆசைக்காக அவருக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது.


உப்பளம்காரன் எழுதியது:

நியாயமான பயம்தான்மா. சைவம் என்று மட்டும் சொன்னால் தட்டில் கறித்துண்டு இருக்காது, அவ்வளவுதான் உறுதி. ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும், கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

முதலில் ஸ்டாக். காளான் சூப், வெங்காய சூப், பூசணி சூப் என்று பெயர் இருக்கும், அடியில் கோழி எலும்பு வேகவைத்த தண்ணீர் இருக்கும். பிரெஞ்சு வெங்காய சூப் பழைய முறைப்படி மாட்டு எலும்பு ஸ்டாக்கில்தான் செய்வார்கள். இத்தாலிய அரிசிச் சோறான ரிசோட்டோவிலும் இதே கதை. அதனால் “வெஜிடபிள் ஸ்டாக்கா” என்று கேட்டு, ஆமாம் என்று வாயால் சொல்லவை. அடுத்தது ஜெலட்டின். பன்னா கோட்டா, சில மூஸ், மேலே கண்ணாடிபோல் பளபளக்கும் கேக் ஆகியவற்றில் அதுதான் இறுகவைக்கிறது, அது மிருகத்தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது. அதற்குப் பதில் அகர் அகர் என்கிற கடல்பாசி போட்டுச் செய்யத் தெரிந்த செஃப்கள் பாண்டியில் தாராளம், முன்கூட்டிச் சொன்னால்தான் முடியும். சீஸும் அப்படியே. பார்மேசான் பால் உறைய கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட் சேர்க்கிறார்கள். நுண்ணுயிரியிலிருந்து எடுக்கும் மைக்ரோபியல் ரெனெட் சேர்த்த சைவ சீஸ்களும் இருக்கின்றன, பாக்கெட்டைப் பார்த்துச் சொல்லச் சொல். சீசர் சாலட் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி மீன் வகை ஒன்றும் முட்டையும் இருக்கும்.

முட்டை இல்லை என்றால் இனிப்பில்தான் இடிக்கும். க்ரெம் ப்ரூலே, காராமல் கஸ்டர்ட், சூஃப்லே எல்லாமே முட்டைதான். மாயோனெய்ஸும் முட்டை. புது பாஸ்தா மாவிலும் முட்டை இருக்கும், பாக்கெட்டில் வரும் காய்ந்த பாஸ்தாவில் பெரும்பாலும் ரவை மட்டும்தான். அப்பாவுக்குப் பழச் சோர்பே கேள். அது பெரும்பாலும் பழச்சாறு, சர்க்கரை, தண்ணீர் மட்டும்தான், முட்டை சேர்க்கவில்லையே என்று மட்டும் கேட்டுவிடு. பண்ருட்டிப் பலா சீசனாக இருந்தால் பலாச் சோர்பே செய்வீர்களா என்று கேட்டுப்பார். ஒரு வருஷம் நாங்கள் அதை இரண்டு கோர்ஸுக்கு நடுவில் வாய் மாற்றுவதற்காக வைத்தோம். சின்ன கிளாஸை முன்பே ஃப்ரீசரில் வைத்துக் குளிரவைத்து, ஒரு நெல்லிக்காய் அளவு சோர்பே, மேலே துளி உப்பு, பொடியாக நறுக்கிய இஞ்சி இரண்டு துணுக்கு. மேஜையில் வைத்ததும் கிளாஸைச் சுற்றிப் பனி படரும், வாசனை மேஜை முழுக்கப் போகும். பிரெஞ்சுக்காரர்கள் முதலில் மூக்கைத் திருப்பினார்கள், பலா வாசனை அவர்களுக்குப் பழக்கமில்லை. ஒரு ஸ்பூன் வாய்க்குள் போனதும் இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார்கள். அந்தத் தட்டைக் கொண்டுபோய் வைக்கும்போது எனக்கு இருந்த பெருமையை இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

அம்மாவுக்கு சர்க்கரை என்பதால் சோர்பே அளவு குறைவாக, கடைசியில் பழமோ சீஸோ வைக்கச் சொல்லலாம். ஆரோவில்லில் செய்கிற லா ஃபெர்ம் சீஸ் பாண்டியில் நிறைய கிச்சன்களில் இருக்கிறது. மாத்திரை போட்டபின் சாப்பிடத் தாமதமாகக் கூடாது என்றால், உட்கார்ந்ததும் முதல் தட்டு வந்துவிட வேண்டும் என்று கேப்டனிடம் வந்தவுடன் சொல். அதைத் தனியாகக் கவனிப்பார்கள்.

குடிக்க ரெகுலர் வாட்டர் போதும். பாட்டில் தண்ணீர் மூன்று பேருக்கு மூன்று மணி நேரத்தில் முந்நூறு நானூறு இழுத்துவிடும். ஃபிரெஷ் லைம் சோடா வேண்டுமானால் ஒன்று, அதற்கு மேல் எதற்கு? செட் மெனுவின் லாபத்தைப் பானங்களில் எடுப்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழி. ஒவ்வொரு கோர்ஸுக்கும் ஒரு ஒயின் என்று அடுக்கினால் பில் இரண்டு மடங்காகும்.


லாஸ்பேட்டை எழுதியது:

சர்வீஸ் சார்ஜ் பற்றி யாரும் சொல்லவில்லை. சில இடங்களில் 5 அல்லது 10 சதவீதம் பில்லில் தானாகவே சேர்த்துவிடுகிறார்கள். அது கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் இதற்கு விதிமுறை போட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். ஜிஎஸ்டி வேறு, அதைக் கொடுத்தாக வேண்டும்.

கடலூரிலிருந்து காரில் வருவதாக இருந்தால், சாப்பிட்டபின் கடற்கரைச் சாலைக்கு மாலை ஆறு மணிக்கு முன்பே வந்துவிட்டுப் போங்கள். ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டி விடமாட்டார்கள், உள் தெருக்களில் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டும். பஸ் என்றால் கவலையே இல்லை, கடலூர் பஸ் ராத்திரி வரை அடுத்தடுத்து இருக்கிறது.


கெடிலக்கரை எழுதியது:

இன்று நாலு மணிக்கு அண்ணா சொன்னபடியே இரண்டு இடத்தில் பேசினேன். முதல் இடத்தில் எட்டுப் பேருக்குக் குறைந்து செட் மெனு செய்வதில்லை என்றார்கள். இரண்டாவது இடத்தில் போனை எடுத்தவர் “ஒரு நிமிஷம்” என்று செஃபிடமே கொடுத்துவிட்டார். அவர் அப்பாவுக்கு வேர்க்கிழங்கில் உப்பும் எண்ணெயும் தடவி ஓவனில் சுட்டு, வடகம் வெண்ணெயோடு ஒரு தட்டு, காளானை வெஜிடபிள் ஸ்டாக்கில் ஒரு தட்டு என்று சொல்லிக்கொண்டே போனார். அம்மாவுக்கு அன்றைக்குக் காலையில் எது வருகிறதோ அந்த மீன். ஐந்து கோர்ஸ், தலைக்கு 1,150, வரி 5 சதவீதம் தனி. இனிப்பு மட்டும் இன்னும் முடிவாகவில்லை. முட்டை, ஜெலட்டின் இரண்டும் இல்லாமல் என்ன செய்யலாம் என்று யோசித்து நாளைக்குச் சொல்கிறேன் என்றார். அக்கா, உங்களுக்கு ஏதாவது தோன்றினால் இன்றைக்குள் சொல்லுங்கள், நானே அவரிடம் கேட்டுவிடுகிறேன்.


முத்தியால்பேட்டை அக்கா எழுதியது:

நல்ல சாக்லேட்டையும் கிரீமையும் சரிபாதி சூடாக்கிக் கலந்து குளிரவைத்த கனாஷ், மேலே உங்கள் பக்கத்து முந்திரியை வெண்ணெயில் வறுத்து உடைத்துப் போட்டு, ஓரத்தில் ஒரு கரண்டி ஆரஞ்சுச் சோர்பே. முட்டையும் வேண்டாம், ஜெலட்டினும் வேண்டாம், குளிர்ந்ததும் அதுவாகவே இறுகும். கசப்பு அதிகமான சாக்லேட்டாக எடுக்கச் சொல், அம்மாவும் இரண்டு ஸ்பூன் சாப்பிடலாம்.